வயசு இருபது... இடுப்புக்கு மட்டும் அறுபது!

காலேஜ் பஸ் வந்து நிற்கிறது. எல்லோரும் முண்டியடித்து ஏறுகிறார்கள். ஒருத்தன் மட்டும் கடைசி ஆளாக நின்று, கம்பியை இறுக்கிப் பிடித்து, ஒரு காலை முதலில் வைத்து, இன்னொரு காலை மெதுவாக இழுத்துக்கொண்டு ஏறுகிறான். மரத்தடியில் கேங் மொத்தமும் சம்மணம் போட்டு அரட்டை அடிக்கும்போது, இவன் மட்டும் பைக்கில் சாய்ந்து நிற்பான். வருஷம் முழுக்க லேஸ் இல்லாத ஷூதான். கேட்டால், ‘ஸ்டைலுடா மச்சான்!’

உங்கள் காலேஜிலும் இப்படி ஒருத்தர் இருக்கலாம். கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அது ஸ்டைல் இல்லாமலும் இருக்கலாம். குனிந்து லேஸ் கட்டும் அளவுக்கு இடுப்பு மடங்காமல் போயிருக்கலாம்.

‘இடுப்பு மூட்டு தேய்மானமா? அது தாத்தா, பாட்டிக்கு வர்றதாச்சே!’ என்று சிரிக்காதீங்க ஃப்ரெண்ட்ஸ். பத்து வயசிலும் பதினேழு வயசிலும் அது வருகிறது. ஆபரேஷன் தேவைப்படுகிற அளவுக்கும் போகிறது. எந்த ஆபரேஷன் என்பதைப் பல நேரம் தீர்மானிப்பது நோய் மட்டும் இல்லை... நாம் டாக்டரைப் பார்க்க எடுத்துக்கொள்கிற நாட்களும்தான்.

பந்தும் கிண்ணமும்

ஸ்கூல் உயிரியல் புத்தகத்தில் பார்த்திருப்போம்... பந்துக் கிண்ண மூட்டு. தொடை எலும்பின் உச்சியில் ஒரு பந்து, இடுப்பு எலும்பில் ஒரு கிண்ணம். இரண்டுக்கும் மேல் வழுவழுவென்று குருத்தெலும்பு. அந்த வழுவழுப்பு போய், எலும்பும் எலும்பும் உரச ஆரம்பித்தால் வலி, இறுக்கம், நொண்டல்.

பாட்டிக்கு அது அறுபது வருஷம் உழைத்த களைப்பு. சின்ன வயசில் வந்தால், அந்த மூட்டுக்கு ஏற்கெனவே ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். என்ன நடந்திருக்கும்?

முதல் ஆள், சிறார் மூட்டுவாதம். 16 வயசுக்குள் ஆரம்பித்து, குறைந்தது ஆறு வாரம் நீடித்தால் அதற்கு இந்தப் பெயர். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குகிறது. இந்தியாவில் பையன்களிடம் அதிகம் காணப்படுகிற ஒரு வகை, இடுப்பையும் குதிகாலையும் முதுகின் அடியையும் குறிவைக்கும்.

இரண்டாவது, பெர்தஸ் நோய். பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு வயசுக்குள், பந்துக்குப் போகிற ரத்த ஓட்டம் தடைபட்டு எலும்பு நொறுங்கி, பிறகு தானாக வளரும். வளரும்போது உருண்டையாக வந்தால் தப்பித்தோம். தட்டையாக வந்தால், இருபதுகளிலோ முப்பதுகளிலோ தேய்மானம் கதவைத் தட்டும். கர்நாடகாவின் உடுப்பி பக்கக் கடலோரத்தில் இது அதிகம் என்று மணிப்பால் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் பெஞ்சமின் ஜோசப் ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்.

மூன்றாவது, பந்து சரிவது. பத்திலிருந்து பதினாறு வயசு, கொஞ்சம் குண்டான பசங்க. எலும்பு நீளமாக வளர்வதற்காக இருக்கும் வளர்ச்சித் தட்டு பலவீனமாகி, சரியாக மூடாத பாட்டில் மூடி மாதிரி பந்து ஒரு பக்கம் நழுவும்.

நான்காவது, பிறவியிலேயே ஆழம் குறைந்த கிண்ணம். பெண்களுக்குத்தான் அதிகம். குழந்தையில் யாரும் கவனிக்காமல் விட்டால், டீன் ஏஜ் கடைசியில் ‘தொடை இடுக்கில் வலி’ என்று ஆரம்பிக்கும்.

இது தவிர காசநோய் (எலும்புகளில் அது முதுகெலும்புக்கு அடுத்தபடியாகப் பிடிப்பது இடுப்பைத்தான்), சிக்கிள் செல் ரத்தசோகை, வேறு நோய்க்காக அதிக டோஸில் சாப்பிட்ட ஸ்டீராய்டு மாத்திரை... இவற்றாலும் பந்து கெடலாம். ‘ஐயோ, நானும் ஸ்டீராய்டு சாப்பிடறேனே’ என்று பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது இன்னும் ஆபத்து. டாக்டரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

வலி முட்டியில்... திருடன் இடுப்பில்!

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் சில நரம்புகள் பொது. அதனால் இடுப்பு கெட்டால், ‘முட்டி வலிக்குதும்மா’ என்பான் பையன். முட்டிக்கு எக்ஸ்-ரே எடுப்பார்கள். முட்டி பளிங்கு மாதிரி இருக்கும். ‘ஒண்ணும் இல்லை, வளர்ற வயசு, அப்படித்தான் வலிக்கும்’ என்று தைலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

சில வீடுகளில் அடுத்த ஸ்டாப், சுளுக்கு எடுக்கிறவர். பந்து சரிந்துகொண்டிருக்கிற காலைப் பிடித்துத் திருகி இழுத்தால் என்ன ஆகும்? பாதி சரிந்தது முழுசாகச் சரியும். ரத்த ஓட்டமும் அறுந்து, பந்து செத்தே போகலாம்.

ஞாபகம் வெச்சுக்கோங்க: வளர்கிற வயசில் நொண்டலோடு முட்டி வலி என்றால் இடுப்புக்கும் சேர்த்து எக்ஸ்-ரே. நொண்டல், காலையில் எழுந்ததும் இறுக்கம், உள்பக்கம் திரும்ப மறுக்கும் கால், தொடை இடுக்கில் வலி, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற வலி... இதில் எது இருந்தாலும் எலும்பு டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். திடீரென்று காலை ஊன்றவே முடியவில்லை, கூடவே காய்ச்சல் என்றால் அன்றைக்கே!

சீக்கிரம் போனால் சின்ன கத்தி

ஆரம்பத்தில் போகிறவர்களுக்கு டாக்டர்களின் முதல் குறி, சொந்த மூட்டைக் காப்பாற்றுவது.

சிறார் மூட்டுவாதத்துக்கு முதல் ஆயுதம் மருந்து. மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு அப்புறம் வந்த பயோலாஜிக் ஊசிகள் கதையையே மாற்றின. 1999-ல் எடனர்செப்ட் என்ற ஊசிக்கு, சிறார் மூட்டுவாதத்துக்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்குப் பிறகு இந்த நோயால் மூட்டையே மாற்ற வேண்டிய நிலைக்குப் போகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள். ஆனால், மருந்து எலும்பைத் திரும்ப முளைக்க வைக்காது. தேய்வதற்கு முன்னால் ஆரம்பித்தால்தான் லாபம்.

பந்து சரிந்தால், ஒரே ஒரு ஸ்க்ரூ. சின்னத் துளை வழியாக உள்ளே செலுத்தி, இனிமேல் நழுவாமல் பந்தைப் பிடித்து வைப்பார்கள். எவ்வளவு குறைவாகச் சரிந்திருக்கும்போது போகிறோமோ, அவ்வளவு நல்ல மூட்டு நமக்கு மிஞ்சும். ஒரு பக்கம் சரிந்தவர்களுக்கு அடுத்த பக்கமும் சரியலாம் என்பதால் அதையும் கண்காணிப்பார்கள்.

ரத்த ஓட்டம் கெட்டு, பந்து இன்னும் நொறுங்காத கட்டம் என்றால், எலும்பில் துளை போட்டு உள் அழுத்தத்தைக் குறைத்துப் பார்ப்பார்கள். நொறுங்கிய பிறகு போனால் இதனால் பெரிய பிரயோஜனம் இல்லை.

கிண்ணம் ஆழமில்லை என்றால்? கிண்ணத்தையே திருப்பி வைப்பார்கள்! சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் ரெய்ன்ஹோல்ட் கான்ஸ் என்ற டாக்டரின் டீம் 1984-ல் ஆரம்பித்த ஆபரேஷன் இது. கிண்ணத்தைச் சுற்றி எலும்பை வெட்டி, பந்து நன்றாக மூடும்படி சாய்த்து, ஸ்க்ரூ போட்டுவிடுவார்கள். இடுப்பு எலும்பின் பின்பக்கத் தூணை வெட்டாமல் விடுவதுதான் இதில் இருக்கும் சூட்சுமம். அதனால்தான் ஊன்றுகோலோடு சீக்கிரமே நடக்க முடிகிறது. கிண்ணத்தில் இருக்கும் வளர்ச்சித் தட்டு மூடின டீன் ஏஜுக்குப் பிறகு, குருத்தெலும்பு நல்லா இருக்கும்போதே செய்துகொள்ள வேண்டும். பெர்னில் ஆரம்ப காலத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களை 20 வருஷம் கழித்துப் பார்த்தபோது, சுமார் 60 சதவிகித இடுப்புகள் சொந்த மூட்டோடு இருந்தன. அந்த டெக்னிக்கையே டாக்டர்கள் கற்றுக்கொண்டிருந்த காலத்து ரிசல்ட் அது.

ரெண்டு பழைய கதவுகள்

சரி, லேட்டாகிவிட்டது. குருத்தெலும்பு மொத்தமும் காலி. அப்போது என்ன வழி?

நம் அப்பா, தாத்தா காலத்தில் இளசுகளுக்கு இரண்டு கதவுகள்தான் திறந்திருந்தன. ஒன்று, மூட்டை அசையாமல் ஒட்டிவிடுவது. பந்தையும் கிண்ணத்தையும் ஒரே எலும்பாக்கிவிட்டால் உரசல் இல்லை, வலியும் இல்லை. நாள் பூரா நின்று வேலை பார்க்கலாம். ஆனால், இடுப்பு மடங்காது. பஸ் சீட்டில் சாய்ந்துதான் உட்கார வேண்டும், பந்தியில் தரையில் உட்கார முடியாது. வருஷங்கள் போகப் போக முதுகும் முட்டியும் அந்த பாரத்தைச் சுமந்து வலிக்கும்.

இன்னொன்று, பந்தையே எடுத்துவிடுவது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த டாக்டர் கெர்டில்ஸ்டோன் பெயரில் வழங்குகிற ஆபரேஷன். கால் குட்டையாகும், நொண்டல் வரும், கையில் தடி வேண்டும். ஆனால் வலி குறையும், சம்மணம் போடலாம், குத்தவைத்து உட்காரலாம். இந்தியன் டாய்லெட்டும் தரைச் சாப்பாடும் இருக்கிற நம் நாட்டில், காசநோயால் இடுப்பை இழந்த எத்தனையோ பேருக்கு இது கைகொடுத்தது.

இப்போது இந்த இரண்டையும் ரொம்ப யோசித்துத்தான் செய்கிறார்கள். மூன்றாவது கதவு அகலமாகத் திறந்துவிட்டது.

தன் தொடையிலேயே டெஸ்ட் செய்த டாக்டர்!

இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியில் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரி. அங்கே ஜான் சார்ன்லி என்ற டாக்டர். 1950-களின் கடைசியில், டெஃப்லானில் கிண்ணம் செய்து, இடுப்பு மூட்டை மாற்றிப் பார்த்தார். ஆமாம், நம் வீட்டு நான்-ஸ்டிக் தவாவில் இருக்கிற அதே டெஃப்லான். நோயாளிகள் எழுந்து நடந்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம்.

சில வருஷத்திலேயே சந்தோஷம் போச்சு. டெஃப்லான் தேய்ந்து, அந்தத் துகள் சுற்றியிருந்த எலும்பையும் சதையையும் அரித்தது. சுமார் 300 பேர். தான் வைத்த மூட்டுகளைத் தானே திரும்பத் திறந்து எடுக்க வேண்டிய நிலை. மனுஷன் ஓடி ஒளியவில்லை. டெஃப்லான் துண்டையும், புதிதாக வந்த கெட்டியான பாலிதீன் துண்டையும் தன் தொடைக்குள்ளேயே வைத்து, எது உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது என்று பார்த்தார். 1962 நவம்பரில், உலோகப் பந்து, பாலிதீன் கிண்ணம் என்ற ஜோடியை முதல் நோயாளிக்குப் பொருத்தினார். இன்றைய இடுப்பு மாற்று ஆபரேஷனின் அஸ்திவாரம் அதுதான்.

ஆரம்பத்தில் இது வயசானவர்களுக்கான சிகிச்சை. காரணம் சிம்பிள். செயற்கை மூட்டைச் சோதிக்கும் இயந்திரங்களில், 10 லட்சம் அசைவுகளை ஒரு வருஷ நடையாகக் கணக்கு வைப்பார்கள். எழுபது வயசுக்காரருக்கு அந்த மூட்டு பதினைந்து வருஷம் உழைத்தால் போதும். பதினேழு வயசுப் பெண்ணுக்கு? இன்னும் அறுபது வருஷம் பாக்கி இருக்கிறதே!

அதனால்தான் பல வருஷம் டாக்டர்கள், ‘கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, வயசாகட்டும்’ என்று அனுப்பினார்கள். பொறுத்தால் என்ன ஆகும்? படிப்பு நிற்கும். கால் மடங்கிய நிலையிலேயே இறுகிப்போகும். சதை கரையும். அடுத்த பக்க இடுப்பும் முதுகும் கெடும். இருபது வயசை வீல் சேரில் கழித்துவிட்டு, ஐம்பதில் நல்ல மூட்டு கிடைத்து என்ன லாபம்? இந்தக் கேள்வி வலுத்ததும், வேறு வழியே இல்லாத டீன் ஏஜ்காரர்களுக்கும் மூட்டு மாற்றுகிறார்கள். முடிந்தவரை வளர்ச்சி முடியும்வரை காத்திருந்துதான் செய்வார்கள். நோய் ரொம்பக் கடுமை என்றால் விதிவிலக்கு உண்டு.

எத்தனை வருஷம் வரும்?

எல்லோரும் கேட்கிற கேள்வி இது. 2019-ல் ‘லான்செட்’ இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வு, மாற்றிய இடுப்புகளில் சுமார் 58 சதவிகிதம் 25 வருஷம் தாண்டி நிற்கிறது என்றது. அவற்றில் பெரும்பாலானவை வயசானவர்களின் இடுப்பு. ஓடியாடுகிற வயசில் அந்தக் கணக்கை அப்படியே நம்ப முடியாது. வாழ்நாளில் இன்னொரு முறை, ஏன் இரண்டு முறைகூட, மூட்டை மாற்ற வேண்டி வரலாம். ஒவ்வொரு மறு ஆபரேஷனும் முந்தியதைவிடக் கஷ்டம். எலும்பு குறைந்துகொண்டே போகும். ஆக, முதல் ஆபரேஷனே அடுத்ததற்கும் எலும்பை மிச்சம் வைக்கிற மாதிரி அமைய வேண்டும்.

நல்ல செய்தியும் இருக்கிறது. 1990-களின் கடைசியில் வந்த புதுவகைப் பாலிதீன், பழசைவிட ரொம்பக் குறைவாகத் தேய்கிறது. 1970-ல் பிரான்ஸில் பியர் பூட்டான் என்ற டாக்டர் தொடங்கிய செராமிக் மூட்டு இப்போது நன்றாக முன்னேறிவிட்டது. இளசுகளுக்கு அதிகம் வைப்பது செராமிக் பந்துதான். அபூர்வமாக சிலருக்கு, செராமிக்கோடு செராமிக் உரசி, எண்ணெய் போடாத கதவு மாதிரி ‘கீச்’ சத்தம் வரும். சிமென்ட் இல்லாமல், சொரசொரப்பான உலோகத்தின் மேல் சொந்த எலும்பே வளர்ந்து பிடித்துக்கொள்கிற மூட்டுகளும் வந்துவிட்டன.

‘புதுசு’ என்றாலே நல்லது என்றும் நினைக்க வேண்டாம். இளைஞர்களுக்கு ஏற்றது என்று பேசப்பட்ட உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டுகளில் ஏ.எஸ்.ஆர். என்ற மாடலை, எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தோற்றதால் 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். அதே உலோக வகையில் வேறு மாடல்கள் சிலருக்குக் கைகொடுத்ததும் உண்மை. டென்னிஸ் ஸ்டார் ஆண்டி மர்ரே 2019 ஜனவரியில், பந்தின் மேல் உலோகத் தொப்பி போடுகிற ஆபரேஷன் செய்துகொண்டு, அதே வருஷம் அக்டோபரில் ஆண்ட்வெர்ப் போட்டியில் ஒற்றையர் பட்டம் ஜெயித்தார்! ஆனால் அது பெரிய எலும்புள்ள ஆண்களுக்குத்தான் ஒத்துவரும். சின்ன எலும்புக்காரர்களுக்கும் பெண்களுக்கும் ரிசல்ட் அவ்வளவு நன்றாக இல்லை.

கத்திக்கு முன் கேளுங்க!

* என் மூட்டு எந்தக் கட்டத்தில் இருக்கிறது? சொந்த மூட்டைக் காப்பாற்ற ஏதாவது வழி மிச்சம் இருக்கிறதா?

* எனக்கு எந்த வகை மூட்டு, ஏன்? பிற்பாடு மாற்ற நேர்ந்தால் எதை மட்டும் மாற்றுவீர்கள்?

* தரையில் உட்காரலாமா, குத்தவைக்கலாமா? பந்து நழுவிவிடும் என்பதால் முன்பு எல்லோருக்கும் தடை. பெரிய பந்து, இரட்டை அசைவு மூட்டு எல்லாம் வந்த பிறகு சிலருக்கு அனுமதிக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் என்ன என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

* நீங்கள் இந்த வயசுக்காரர்களுக்கு இதை அடிக்கடி செய்கிறீர்களா? சிறார் மூட்டுவாதக்காரர்களுக்கு எலும்பு குட்டியாக இருக்கும். தாடையும் கழுத்தும் இறுகியிருந்தால் மயக்க மருந்து கொடுப்பதே சவால். அனுபவம் முக்கியம்.

* ஆபரேஷன் சமயத்தில் என் மருந்துகளில் எதை நிறுத்த வேண்டும்? தொற்று வராமல் இருக்க பயோலாஜிக் ஊசிகளைத் தள்ளிப்போடச் சொல்வார்கள்.

* என்னுள் வைத்த மூட்டின் பெயர், எண் எழுதிய ஸ்டிக்கர் என் ஃபைலில் இருக்கிறதா? நாளைக்கு ஒரு மாடலைத் திரும்பப் பெற்றால், அதுதான் உங்களுக்கு ஆதாரம். மார்க் ஷீட்டோடு பத்திரமாக வையுங்கள்.

செலவை நினைத்து ஒளிந்துகொள்ள வேண்டாம். தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டப் பட்டியலில் இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சை இருக்கிறது. உங்கள் குடும்பத்துக்கு அட்டை இருக்கிறதா என்று முதலில் வீட்டில் கேளுங்கள்.

மறுபடியும் கேம்பஸ்

மூட்டு மாற்றியவரை பெரும்பாலும் மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்துவிடுவார்கள். பிறகு ஊன்றுகோல், பிசியோதெரபி. டூ-வீலருக்கு டாக்டர் பச்சைக்கொடி காட்டப் பொதுவாக ஆறு வாரமாவது ஆகும். செமஸ்டர் லீவைப் பார்த்து ஆபரேஷன் தேதி வாங்குவது புத்திசாலித்தனம். நடக்கலாம், நீந்தலாம், சைக்கிள் மிதிக்கலாம். குதிப்பதும், ஃபுட்பால் மாதிரி மோதுகிற ஆட்டமும் வேண்டாம் என்பார்கள். பெண்களுக்கு வீட்டில் வருகிற பெரிய பயம், ‘நாளைக்குக் குழந்தை?’ என்பது. மாற்று மூட்டோடு கர்ப்பமாகி, சுகப்பிரசவம் ஆனவர்கள் நிறைய பேர் உண்டு.

இத்தனைக்கும் முன்னால் தாண்ட வேண்டிய தடை ஒன்றுதான்... கூச்சம். ‘நொண்டி’ என்று பட்டப்பெயர் வைத்துவிடுவார்களோ, விஷயம் தெரிந்தால் வீட்டில் படிப்பை நிறுத்திவிடுவார்களோ, கல்யாணம் தட்டிப்போகுமோ என்று மறைக்கிறார்கள். மறைக்கிற ஒவ்வொரு மாசமும், ஒரு ஸ்க்ரூவில் முடிந்திருக்க வேண்டியதை முழு மூட்டுக்குக் கொண்டுபோகலாம்.

அந்த பஸ்ஸில் கடைசியாக ஏறுகிறவனிடம் நாளைக்கு ஒரு கேள்வி கேளுங்கள். எல்லோர் முன்னாடியும் வேண்டாம், தனியாக. ‘ஏன்டா நொண்டுறே?’ என்றும் வேண்டாம். ‘மச்சான், லேஸ் கட்ட முடியுதாடா?’ என்று கேளுங்கள். இல்லை என்று தலையாட்டினால், மறுநாள் கிளாஸை கட் அடித்துவிட்டு, எலும்பு டாக்டரிடம் அவனோடு நீங்களும் போங்கள். அட்டெண்டன்ஸ் பிரச்னையை அப்புறம் பார்த்துக்கலாம்!